பண்டைய மத்தியதரைக் கடற்கொள்ளையர்களுக்கு மினியேச்சர் தேர்ந்தெடுப்பது எப்படி? முதன்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேசை விளையாட்டுக்கும் காட்சிக்கும் பெயின்ட் அடித்து வைக்கும் சின்ன உருவங்களைத்தான் மினியேச்சர் என்கிறோம். அவற்றை விற்கும் இணையக் கடைகளில் 'கடற்கொள்ளையர்' என்று தேடிப் பாருங்கள். மூன்று மூலைத் தொப்பி, கண்பட்டை, இடுப்பில் துப்பாக்கி என்று 18ஆம் நூற்றாண்டுக் கரீபியன் ஆட்கள்தான் வரிசையாக வருவார்கள். இளம் ஜூலியஸ் சீசரைப் பிடித்து வைத்துப் பணம் கேட்டவர்கள், அடிமைக் கிளர்ச்சித் தலைவன் ஸ்பார்ட்டகஸிடம் பரிசுகளை வாங்கிக்கொண்டு சொன்னபடி கப்பல் அனுப்பாமல் போனவர்கள், டெலோஸ் தீவைச் சூறையாடியவர்கள் எல்லாம் தேவையென்றால் அவர்களை நாமேதான் சேர்த்து உருவாக்க வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், ஏனென்றால் அந்தக் காலத்துக் கடற்கொள்ளையருக்குச் சீருடை கிடையாது, தனி நாடு கிடையாது. போர் முடிந்து சம்பளம் நின்றுபோன கூலிப்படை வீரன், விளைச்சல் போதாத மலைக்கரை ஊர்க்காரன், எஜமானிடமிருந்து ஓடிவந்த அடிமை, வேலை இழந்த மாலுமி, இவர்கள் எல்லோரும் ஒரே கப்பலில் ஏறினால் அதுதான் கொள்ளைக் கூட்டம். ரோமை எதிர்த்த பாண்டஸ் நாட்டு மித்ரிடேட்டஸ் மன்னரின் போர்களில் ஊரையும் பிழைப்பையும் இழந்தவர்கள் நிலத்துக்குப் பதிலாகக் கடலில் அறுவடை செய்யத் தொடங்கினார்கள் என்று பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியிருக்கிறார். அதனால் பெட்டியின் மேல் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் ஆள் எங்கிருந்து கடலுக்கு வந்திருப்பான் என்று யோசியுங்கள். தேர்வு முழுக்க அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

படி 1: காலத்தையும் கரையையும் முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் எதையும் வாங்க வேண்டாம். மத்தியதரைக் கடலில் கொள்ளை ஆயிரம் வருடங்களுக்கு மேல் நடந்திருக்கிறது, ஆயுதமும் உடையும் அதற்குள் பலமுறை தலைகீழாக மாறிவிட்டன.

மிகப் பழைய பக்கத்தில் 'கடல் மக்கள்' இருக்கிறார்கள். எகிப்தில் மெதினெத் ஹாபு கோயில் சுவரில் மூன்றாம் ராம்சேஸின் படை அவர்களோடு கடலில் மோதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது, காலம் ஏறத்தாழ கி.மு. 1175. கொம்பு வைத்த தலைக்கவசம், இறகு நட்டதுபோல நிமிர்ந்து நிற்கும் தலையணி, வட்டக் கேடயம், நீண்ட வாள், இரண்டு முனையிலும் பறவைத் தலை வைத்த கப்பல். பார்க்கக் கம்பீரமானவர்கள், வெண்கலக் கால வரிசைகளில் இவர்களுக்கென்றே உருவங்கள் கிடைக்கின்றன. ஆனால் வேறு எந்தக் காலத்துப் படையோடும் இவர்களைக் கலக்க முடியாது.

அடுத்தது கி.மு. 6ஆம் நூற்றாண்டு. சாமோஸ் தீவை ஆண்ட பாலிகிரேட்டஸின் கப்பல்கள் ஏஜியன் கடலில் கண்ணில் பட்டவரையெல்லாம் கொள்ளையடித்த காலம். இதற்கு நல்ல படச் சான்று ஒன்று உண்டு: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் கறுப்பு உருவ ஓவியக் கோப்பை, கி.மு. 520 முதல் 500க்குள் செய்யப்பட்டது. உருண்டு தடித்த ஒரு சரக்குக் கப்பலை இரண்டு அடுக்குத் துடுப்பு வைத்த ஒல்லியான கப்பல் துரத்துகிறது. இதைக் கொள்ளைக் காட்சியாகவே பொதுவாகப் படிக்கிறார்கள். இந்தக் காலத்தை எடுத்தால் கவசமில்லாத கிரேக்க ஆட்கள், கொரிந்திய வகைத் தலைக்கவசம் போட்ட ஓரிருவர், பெரிய வட்டக் கேடயம் எல்லாம் பொருந்தும்.

மூன்றாவது இல்லிரியர்கள், அட்ரியாட்டிக் கரைக்காரர்கள். ராணி டியூட்டாவின் கப்பல்கள் இத்தாலிய வணிகர்களைப் பிடித்துக் கொள்ளையடித்ததால்தான் கி.மு. 229இல் ரோம் முதன்முறையாக அந்தக் கரைக்குப் படை அனுப்பியது. அதே வருடம் பாக்சோஸ் தீவருகே நடந்த சண்டையை பண்டைய வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விவரிக்கிறார்: இல்லிரியர்கள் தங்கள் சின்ன லெம்போஸ் படகுகளை நான்கு நான்காகச் சேர்த்துக் கட்டி, பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், எதிரிக் கப்பல் மோதி அதன் மோதுமுனை சிக்கிக்கொண்டதும் கூட்டமாக மேலே தாவி ஏறினார்கள். உருவம் தேர்ந்தெடுக்க இந்த ஒரு விவரம் பெரிய உதவி. உங்களுக்குத் தேவை தாவுகிற, ஏறுகிற, கையை ஓங்குகிற ஆட்கள். வரிசையில் நின்று ஈட்டி நீட்டுகிறவர்களை வாங்கினால் இந்தக் காட்சி வராது.

நான்காவது சிலிசியர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இவர்களைத்தான் சொல்வேன். இன்றைய துருக்கியின் தெற்குக் கரையில், டாரஸ் மலைகள் நேராகக் கடலில் இறங்கும் பகுதி அவர்கள் இருப்பிடம். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ரோமானியத் தளபதி பாம்ப்பி அவர்களை அடக்கிய கி.மு. 67 வரை அவர்கள் காலம். ஆயிரத்துக்கு மேல் கப்பல்கள் வைத்திருந்தார்கள், 400 ஊர்களைப் பிடித்தார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் கணக்குச் சொல்கிறார். 'சிலிசியர்' என்ற பெயருக்குள் சிரியா, சைப்ரஸ், பாம்ஃபீலியா, பாண்டஸ் என்று கிழக்குக் கரை முழுவதிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். அதாவது நீங்கள் வாங்கும் கிட்டத்தட்ட எந்த ஹெலனிய காலப் (அலெக்சாண்டருக்குப் பிந்தைய கிரேக்கக் காலம்) பெட்டியிலிருந்தும் இரண்டு பேரைக் கொண்டுவந்து இந்தக் கூட்டத்தில் நிறுத்தலாம். மிச்சமாகும் உருவங்கள் வீணாகாது, எதிரில் நிறுத்தக் குடியரசுக் கால ரோமர்களும் எங்கும் கிடைப்பார்கள்.

கிரீட் தீவுக்காரர்களையும் மறக்க வேண்டாம். அவர்களை அடக்கப் போன ரோமானியத் தளபதி மார்க்கஸ் அன்டோனியஸ் தோற்று, அவமானமான ஒரு சமாதானத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. பிறகு கி.மு. 69 முதல் 67 வரை இன்னொரு தளபதி மெட்டெல்லஸ் போரிட்டுத்தான் தீவு ரோமின் கைக்கு வந்தது. உருவத் தேர்வில் இவர்கள் சிலிசியர்களோடு சேர்ந்தே வருவார்கள் என்பதால் தனியாகப் பிரிக்கவில்லை.

இனி எழுதுவதெல்லாம் பெரும்பாலும் சிலிசியர்களை மனதில் வைத்துத்தான்.

படி 2: அளவு

மூன்று அளவுகளில் ஒன்றைப் பிடியுங்கள்: 28 மி.மீ., 1/72, அல்லது 15 மி.மீ. மி.மீ. என்றால் உருவத்தின் உயரம், 1/72 என்றால் நிஜ அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இதில் பலர் உருவத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள், கடற்கொள்ளையருக்குக் கப்பலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சைப்ரஸ் கரையில் கண்டெடுத்த கிரீனியா கப்பல் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சாதாரணச் சரக்குக் கப்பல், நீளம் ஏறக்குறைய 14 மீட்டர். 28 மி.மீ. உருவங்களுக்கு 1/56 என்று வைத்துக்கொண்டால் மேசையில் அது 25 செ.மீ. வரும். 1/72இல் 19 அல்லது 20 செ.மீ., 15 மி.மீ. உருவங்களுக்கு 1/100 என்று வைத்தால் 14 செ.மீ. அது கொள்ளையடிக்கப்படும் கப்பல்தான். துரத்தும் துடுப்புக் கப்பல் அதைவிட நீளம். 37 மீட்டர் நீளமுள்ள முழு டிரைரீம் (மூன்று அடுக்குத் துடுப்பு வைத்த போர்க்கப்பல்) ஒன்றை 1/56இல் செய்தால் 66 செ.மீ. போகும், சாப்பாட்டு மேசையில் பாதி அதற்கே சரியாகிவிடும்.

ஆகவே என் பரிந்துரை இது. கரையில் இறங்கிக் கிராமத்தைச் சூறையாடும் காட்சியோ ஒரே ஒரு கப்பலில் ஏறிச் சண்டையிடும் காட்சியோ வேண்டுமென்றால் 28 மி.மீ. எடுங்கள், முகபாவம் தெரியும், தலையும் கையும் மாற்றி ஒட்ட வசதி. கப்பலும் ஆட்களும் நிறைய வேண்டும், செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் 1/72 பிளாஸ்டிக். கடற்படையே வேண்டுமென்றால் 15 மி.மீ. அல்லது அதைவிடச் சிறியது; அங்கே உருவங்கள் கப்பலின் மேல் புள்ளிகளாகத்தான் தெரியும், இந்தக் கட்டுரையில் சொல்லும் பாதி நுணுக்கம் தேவைப்படாது.

28 மி.மீ. என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வேறு வேறு நிறுவனங்களின் உருவங்களைக் கலக்காதீர்கள். சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. சில நிறுவனங்களின் ஆட்களுக்குத் தலையும் கையும் பெருத்திருக்கும், சிலருடையவை மெலிந்து இயல்பான விகிதத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பெரியவரும் சிறுவனும் நிற்பதுபோல ஆகிவிடும். முதலில் ஒரு நிறுவனத்தின் ஒரு பெட்டி, அப்புறம் அதனோடு ஒத்துப்போகிறதா என்று படங்களில் ஒப்பிட்டுப் பார்த்து அடுத்தது.

படி 3: ஆயுதத்தையும் உடையையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கடைக்காரர் எழுதும் விளக்கத்தைவிடப் படத்தைப் பாருங்கள். சிலிசியக் கூட்டத்துக்குப் பொருந்துமா என்று பார்க்க நான் தலையிலிருந்து கால் வரை வருவேன்.

தலையில் ஒன்றும் இல்லாமல் இருப்பது நல்லது. இல்லையென்றால் கூம்பு வடிவக் கம்பளித் தொப்பி, அகன்ற விளிம்பு வைத்த வெயில் தொப்பி, மாசிடோனியர்கள் போடும் தட்டைத் தொப்பி. தலைக்கவசம் என்றால் எளிய கூம்புக் கவசம், முன்பக்கம் வளைந்த உச்சி வைத்த திரேசிய வகை, ரோமானியர்களும் கெல்ட்டுகளும் போட்ட, உச்சியில் குமிழ் வைத்த மொன்டெஃபோர்ட்டினோ வகை. முகம் முழுவதையும் மூடும் கொரிந்தியக் கவசம் இந்தக் காலத்துக்குள் வழக்கொழிந்துவிட்டது, வாங்கும் பெட்டியில் அது மட்டுமே இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

உடலில் குட்டை டியூனிக் (தொளதொளப்பான அங்கி). ஒரு தோளைத் திறந்துவிட்டுக் கட்டிய டியூனிக் உழைப்பாளியின் உடை, துடுப்பு வலிக்க வசதி, மாலுமிக்கு மிகச் சரி. இடுப்புத் துணி மட்டும் கட்டிய ஆட்களும் சரி. கவசம் போட்டவர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேண்டாம், அவர்களும் பழைய கூலிப்படை வீரர்களாகத் தெரிய வேண்டும்: சங்கிலிக் கவசம், அல்லது பலமடிப்புத் துணிக் கவசம். கனத்த கவசத்தோடு தண்ணீரில் விழுந்தால் மீள முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கேடயத்தில்தான் காலம் தெரியும். கி.மு. 279இல் கெல்ட்டுகள் கிரேக்கத்துக்குள் புகுந்த பிறகு நீள்வட்டக் கேடயம் கிழக்கு மத்தியதரை முழுவதும் பரவியது. நடுவில் நீளமாக ஒரு முதுகெலும்பு, கைப்பிடிக்கு மேல் ஒரு குமிழ். இந்தக் கேடயத்தோடு எறியீட்டியும் வாளும் வைத்த வீரர்களை துரியோஃபோரோய் என்ற பெயரில் விற்பார்கள். சிலிசியக் கூட்டத்தின் முதுகெலும்பே அவர்கள்தான். அவர்களை எப்படிப் பெயின்ட் அடிப்பது, எப்படி உடுத்துவது என்று பார்க்க சிடோன் நகரத்தில் கிடைத்து இப்போது இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்லறைக் கற்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். ஆசியா மைனரின் தென்பகுதி ஊர்களிலிருந்து கூலிக்கு வந்து இறந்த வீரர்களை வண்ணத்திலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். கொள்ளைக்குப் போனவர்களும் அதே மலையூர்களின் ஆட்கள்தான் என்பதால் இதைவிட நெருக்கமான சான்று அமையாது.

இன்னும் பழைய குறிப்பு ஒன்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடம் இருக்கிறது. கி.மு. 480இல் பாரசீக மன்னர் செர்க்ஸஸின் கடற்படையில் வந்த சிலிசியர்களுக்குப் பதப்படுத்தாத மாட்டுத்தோல் கேடயம், கம்பளி டியூனிக், ஆளுக்கு இரண்டு எறியீட்டி, எகிப்தியக் கத்தி போன்ற ஒரு வாள் என்கிறார். பக்கத்து லிசியர்களுக்குத் தோளில் ஆட்டுத்தோல், தலையில் இறகு சுற்றிய தொப்பி. நானூறு வருடம் முந்தைய விவரம்தான், ஆனாலும் மலையிலிருந்து புதிதாக இறங்கிவந்த இரண்டு மூன்று பேருக்கு ஆட்டுத்தோலும் தோல் கேடயமும் கொடுத்தால் கூட்டத்துக்கு ஊர்வாசனை வரும்.

பொருந்தாதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டைப் பட்டையாக இரும்பு வைத்த ரோமானியக் கவசமும் அதனோடு வரும் செவ்வகக் கேடயமும் பேரரசுக் காலத்துக்குரியவை. கிளாடியேட்டர் கவசம் போட்டு வெற்று மார்போடு நிற்கும் கற்பனை உருவங்களைத் தொடவே தொடாதீர்கள். சங்கிலியில் பிணைத்த துடுப்பு அடிமைகள் வரும் தொகுப்புகளையும் விட்டுவிடுங்கள். அந்தக் காட்சி பல நூற்றாண்டுகள் பிந்தியது. பண்டைய கப்பல்களில் துடுப்பு வலித்தவர்கள் பெரும்பாலும் சுதந்திர மனிதர்கள், அதுவும் கொள்ளைக் கப்பலில் துடுப்பைப் போட்டுவிட்டு வாளை எடுத்துக்கொண்டு தாவுகிறவன்தான் துடுப்புக்காரன்.

படி 4: எந்தப் பெட்டிகளிலிருந்து ஆள் எடுப்பது

28 மி.மீ.இல் தொடங்குகிறவர்களுக்கு முதல் பெட்டியாக விக்ட்ரிக்ஸ் நிறுவனத்தின் கிரேக்க பெல்டாஸ்ட் (பிறை வடிவக் கேடயம் ஏந்திய இலகு வீரர்), எறியீட்டி, கவண் வீரர்கள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டியைச் சொல்வேன். கவசமில்லாத ஆட்கள், உடம்பு வேறு கை வேறு தலை வேறாக வருகிறது, ஓடுகிற வீசுகிற நிலைகள். கூட்டத்தின் பெரும்பகுதி இதிலிருந்தே வந்துவிடும். பிறை வடிவக் கேடயம் சிலிசியர் காலத்துக்குக் கொஞ்சம் பழையது, அதை மட்டும் விட்டுவிட்டு வட்டக் கேடயமோ நீள்வட்டக் கேடயமோ கொடுங்கள்.

அதற்கு மேல் உலோக உருவங்களாகச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் வாங்குவதுதான் சிக்கனம். துரியோஃபோரோய் ஒரு பொட்டலம், கிரீட் வில்லாளர்கள் ஒரு பொட்டலம். கிரீட் வில்லாளர்கள் கையில் சிறு கேடயத்தோடு வருவார்கள், கப்பலில் ஏறிய பிறகும் சண்டையிடக்கூடியவர்கள் என்பதால் கொள்ளைக் கூட்டத்துக்கு அவர்களைவிடச் சிறந்த வில்லாளர் இல்லை. மித்ரிடேட்டஸின் பாண்டஸ் படைத் தொகுப்புகள் கிடைத்தால் விடாதீர்கள். கொள்ளையர்களோடு கூட்டு வைத்திருந்த அரசர் அவர், அந்தப் படையின் ஆள் கப்பலில் நிற்பதற்குக் காரணமே தேட வேண்டாம்.

மேற்குப் பக்கம் கதை நடத்த விரும்பினால் இன்னொரு வழி உண்டு. ரோமை எதிர்த்து ஸ்பெயினில் நின்ற செர்டோரியஸுக்குச் சிலிசியக் கொள்ளையர்கள் துணை நின்றார்கள் என்று ப்ளூட்டார்க் சொல்கிறார். அப்படியானால் ஐபீரிய வீரர்களையும் பலியாரிக் தீவுகளின் கவண் வீரர்களையும் தாராளமாகச் சேர்க்கலாம். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் சிசிலிக்குப் போகக் கொள்ளையர்களோடு பேரம் பேசிய கடற்கரையை வைத்தால் ஓடிவந்த அடிமைகளும் பறித்த ரோமானிய ஆயுதங்களும் ஒரே மேசைக்கு வந்துவிடும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வாங்குகிறவர்கள் கவனிக்க: உலோகம் எடை கூடியது, தபால் செலவு பொருளின் விலையைத் தாண்டக்கூடும், சுங்கவரி தனி. அதனால் பிளாஸ்டிக் பெட்டியை அடிப்படையாக வைத்து, சிறப்பு ஆட்களுக்கு மட்டும் முப்பரிமாண அச்சுக் கோப்பு வாங்கி உள்ளூரில் ரெசினில் அச்சடித்துக்கொள்வது நல்ல வழி. கோப்பு வாங்கினால் உருவத்தின் உயரத்தை உங்கள் பெட்டி ஆட்களோடு ஒத்துப்போகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். ஈட்டியும் வில்லும் மெல்லியதாக இருந்தால் ரெசினில் சட்டென்று ஒடிந்துவிடும், அவற்றை வெட்டிவிட்டு மெல்லிய எஃகுக் கம்பி வையுங்கள்.

படி 5: கூட்டத்தைப் பிரிப்பது

முதல் கூட்டத்துக்கு இருபது பேர் போதும். எட்டுப் பேர் எறியீட்டியும் கேடயமும், கவசமில்லாமல். நான்கு பேர் துரியோஃபோரோய், அவர்களில் இருவருக்குச் சங்கிலிக் கவசம். மூன்று வில்லாளர், இரண்டு கவண் வீரர், ஒரு தலைவர், சுக்கான் பிடிப்பவர் ஒருவர், கடைசியாக ஆயுதம் பிடிக்காமல் மூட்டையோ ஜாடியோ சுமந்து ஓடும் ஒருவர். அந்தக் கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள், கூட்டம் படையாக இல்லாமல் கொள்ளையாகத் தெரிவது அவரால்தான். ஒரே நிலையில் நிற்கும் இருவர் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. நான்கு பேருக்கு ஒருவராவது திரும்பிப் பார்த்துக் கத்துகிறவராக இருந்தால் நன்றாக இருக்கும்.

தலைவருக்குச் செலவு செய்யுங்கள். சிலிசியத் தலைவர்கள் கந்தல் கட்டியவர்கள் இல்லை. அவர்கள் காலப்போக்கில் சின்னப் படகுகளை விட்டு ஈரடுக்கு, மூவடுக்குக் கப்பல்களுக்கு மாறி, படைத் தளபதிகளைப் போலவே அணிவகுத்து வந்தார்கள் என்கிறார் அப்பியன். கப்பல்களில் பொன் பூச்சு, ஊதா விரிப்பு, வெள்ளித் தகடு பதித்த துடுப்பு, கரையெல்லாம் விருந்தும் இசையும் என்று ப்ளூட்டார்க் வர்ணிக்கிறார். ஆகவே ஹெலனிய அரசர்களின் அதிகாரி உருவம் ஒன்றை எடுத்துக் குதிரைவீரனின் மேலங்கியோடு நிறுத்தலாம். காலத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் செக்ஸ்டஸ் பாம்ப்பி இருக்கிறார், கி.மு. 36 வரை சிசிலியிலிருந்து ரோமுக்குப் போகும் தானியக் கப்பல்களை மறித்தவர், கடல் தெய்வம் நெப்டியூனின் மகன் என்று சொல்லிக்கொண்டு கருநீல மேலங்கி போட்டவர். கொள்ளையரை அடக்கிய பாம்ப்பியின் மகனே எதிரிகளின் வாயில் கொள்ளையன் என்று பெயர் வாங்கினார். எந்த ரோமானியத் தளபதி உருவத்துக்கும் அந்த நீலத்தைக் கொடுத்தால் தயார்.

படி 6: வெட்டி ஒட்டுவது

பயப்பட ஒன்றும் இல்லை, பிளாஸ்டிக்கில் கத்தியும் பசையும் போதும். மூன்று மாற்றங்கள் நிறையப் பலன் தரும். ஒன்று, தலைக்கவசத் தலையை எடுத்துவிட்டு வெறுந்தலை அல்லது தொப்பித் தலை வைப்பது. இரண்டு, ஒரு சிலருக்குக் கேடயத்தை எடுத்துவிட்டு அந்தக் கையில் கயிறோ கொக்கியோ சாக்கோ கொடுப்பது. மூன்று, இரண்டு பகுதிகளைப் பிசைந்து இறுக வைக்கும் பச்சைக் களியில் இடுப்புப் பட்டை, தோளில் சுருட்டிய போர்வை, ஆட்டுத்தோல் செய்வது. ஆட்டுத்தோலுக்கு ஊசி முனையால் கோடு கோடாகக் கீறினால் மயிர் வந்துவிடும்.

காலணியைச் சுரண்டி வெறுங்கால் ஆக்குவதும் நல்லது, கப்பல் தளத்தில் நிற்பவர்களுக்கு அது மிகவும் பொருந்தும். இல்லிரியர்களைச் செய்கிறவர்கள் நேர் வாள்களை எடுத்துவிட்டு வளைந்த சிகா வாள் கொடுங்கள். திரேசியப் பெட்டிகளில் அது தனியாக மிச்சம் கிடக்கும்.

படி 7: பிடிபட்டவர்களும் சரக்கும்

இதில் பெரும்பாலானவர்கள் கவனம் செலுத்துவதில்லை, எனக்கோ இதுதான் முக்கியம் என்று படுகிறது. சிலிசியர்களின் பெரிய வருமானம் மனிதர்கள். பிடித்தவர்களில் பணக்காரர்களை மீட்புத்தொகைக்கு வைத்துக்கொண்டார்கள், மற்றவர்களை விற்றார்கள். டெலோஸ் தீவுச் சந்தை ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை வாங்கி அனுப்பக்கூடியது என்று பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார், வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் ரோமானியர்கள். வேட்டையாடுகிறவர்களை மட்டும் செய்து பிடிபட்டவர்களைக் காட்டாமல் விட்டால் அந்தக் கொடுமை மேசையிலிருந்து மறைந்துவிடுகிறது. கிரேக்க, ரோமானியப் பொதுமக்கள் உருவங்கள் நாலைந்து வாங்குங்கள்: ஒரு பெண், ஒரு முதியவர், கைகட்டப்பட்ட ஓர் ஆள், ஒரு வணிகர்.

காட்சிக்குக் கதை வேண்டுமென்றால் ப்ளூட்டார்க்கே தருகிறார். சீசர் கி.மு. 75 வாக்கில் மிலேட்டஸ் நகருக்கு அருகே ஃபார்மகூசா தீவுப் பக்கம் பிடிபட்டார். இருபது டாலன்ட் (பெருந்தொகைகளைக் கணக்கிடும் வெள்ளி எடை அளவு) கேட்டவர்களிடம், தான் ஐம்பதுக்குத் தகுதியானவன் என்றார். 38 நாள் அவர்களோடு இருந்து கவிதை எழுதி வாசித்துக் காட்டினார், ரசிக்காதவர்களை முகத்துக்கு நேரே திட்டினார், தூங்கும்போது சத்தம் போடாதே என்று ஆள் அனுப்பினார். பணம் வந்து விடுதலையானதும் மிலேட்டஸில் கப்பல் திரட்டிவந்து அவர்களைப் பிடித்துச் சிலுவையில் அறைந்தார். டியூனிக் போட்ட இளம் ரோமானியர் ஒருவர் கையில் சுருளோடு நிற்க, சுற்றி ஆறு கொள்ளையர்கள் உட்கார்ந்திருக்க, ஒரு சின்னத் தளத்தில் முடிந்துவிடும் காட்சி இது. உட்கார்ந்த உருவங்கள் முகாம் தொகுப்புகளில் கிடைக்கும்.

இன்னொன்று: செக்ஸ்டிலியஸ், பெல்லினஸ் என்ற இரண்டு ரோமானிய அதிகாரிகளை ஊதாக் கரை வைத்த உடையோடும், அவர்களின் உதவியாளர்களையும் கோல்காவலர்களையும் (அதிகாரிக்கு முன்னால் கோல்கட்டு ஏந்திச் செல்லும் லிக்டர்கள்) சேர்த்தும் கொள்ளையர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கோல்கட்டோடு நிற்கும் கோல்காவலர் உருவம் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள், ரோமின் அவமானம் அப்படியே தெரியும்.

சரக்கு என்றால் ஆம்ஃபோரா ஜாடிகள். இந்தக் காலத்து இத்தாலிய மது ஜாடி ஒல்லியாக, நீண்ட கழுத்தோடு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், 28 மி.மீ. அளவில் 18 மி.மீ. உயரம், ஆளின் இடுப்புக்குச் சற்று மேலே வரும். கடையில் கிடைக்கும் குட்டையான பானைகளை வாங்கி ஏமாற வேண்டாம். சாக்கு, கயிற்றுச் சுருள், நாணயப் பெட்டி இவையெல்லாம் களியிலும் நூலிலும் நீங்களே செய்துகொள்ளலாம்.

படி 8: கப்பல்

உருவங்கள் முடிந்த பிறகு வாங்குங்கள், முன்பே வேண்டாம். கொள்ளையர்களுக்குரியவை ஹெமியோலியா, மையோபரோ, லெம்போஸ் போன்ற இலகுவான, வேகமான கப்பல்கள். 1/72இல் ஸ்வெஸ்டா நிறுவனத்தின் கிரேக்க டிரைரீம் பெட்டி அழகானது, ஆனால் நிஜ டிரைரீமில் துடுப்புக்காரர்களே 170 பேர். ஒரு சின்னக் கூட்டத்துக்கு அது மிகப் பெரிது, அதை ரோடீஸ் தீவின் அல்லது ரோமானியக் காவல் கப்பலாக வைத்துக்கொள்ளலாம். கொள்ளைக் கப்பலுக்கு ஒற்றை வரிசைத் துடுப்பு, தளம் முழுவதும் மூடாத உடல், முன்பக்கம் இருபுறமும் வரைந்த கண், பின்பக்கம் மேல்நோக்கி வளைந்த முனை, இவை இருந்தால் போதும். உடல் கறுப்புத் தார் நிறம், விளிம்பில் மட்டும் சிவப்போ மஞ்சளோ. தலைவர் கப்பல் என்றால் பின்பக்கம் ஓர் ஊதா விரிப்பைப் போடுங்கள்.

வாங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் உருவங்களின் பேஸ் (அவை ஒட்டி நிற்கும் அடித்தட்டு) கப்பல் தளத்தில் அடங்குமா? 25 மி.மீ. வட்டப் பேஸ் பல மாதிரிக் கப்பல்களில் இரண்டு பேருக்கு மேல் அகலத்தில் நிற்காது. 20 மி.மீ. மெல்லிய ஒளிபுகும் அக்ரிலிக் வட்டத்தில் ஒட்டினால் தளத்தில் நின்றாலும் மணலில் நின்றாலும் உறுத்தாது, புல்லும் கல்லும் ஒட்டும் வேலையும் மிச்சம்.

படி 9: நிறம்

கறுப்பு, சாம்பல், பழுப்பு என்று எல்லோரையும் இருட்டாக்கிவிடாதீர்கள். அந்தக் கடற்கரை வெயில் நிறைந்தது. சாயமிடாத கம்பளியின் வெள்ளை, பழுப்புக் கலந்த வெள்ளை, சாம்பல் இவை பாதிப் பேருக்கு. மீதிப் பேருக்கு மஞ்சிட்டி வேர் தரும் செங்கல் சிவப்பு, காவி மஞ்சள், அவுரி வகைச் செடியின் வெளிறிய நீலம். ஒவ்வொரு நிறத்திலும் வெளுத்த ஒன்று, புதியது ஒன்று என்று இரண்டு சாயல் வைத்துக்கொள்ளுங்கள், உப்புக்காற்றில் துணி வெளுக்கும். மாலுமிகளின் தோல் நிறத்தை ஒரே குப்பியிலிருந்து அடிக்க வேண்டாம்; சிரியாக்காரர், எகிப்தியர், வட ஆப்பிரிக்கர், திரேசியர் எல்லோரும் இருந்த கூட்டம் இது. தோளுக்கும் மூக்குக்கும் கொஞ்சம் செம்மை கூட்டினால் வெயிலில் நின்ற ஆளாகிவிடுவார்.

ஊதா நிறத்தைத் தலைவருக்கும், பறித்த துணியைத் தோளில் போட்டிருக்கும் ஒருவருக்கும் மட்டும் கொடுங்கள். கடல் சங்கிலிருந்து எடுத்த விலை உயர்ந்த சாயம் அது, நான்கு பேருக்கு அடித்தால் மதிப்புப் போய்விடும். இரும்பு மங்கலாக இருக்கட்டும், வெண்கலத்தின் மடிப்புகளில் லேசான பச்சை. கேடயங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகக் கூடாது: இரண்டு வெறும் தோல், மூன்று வெள்ளை, ஒன்றில் நட்சத்திரம், ஒன்று ரோமானியனிடம் பறித்தது.

வரிசையாகச் சொன்னால், பிரைமர் (நிறம் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு), அடிப்படை நிறம், பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த நிறம்), பிறகு தோளிலும் முழங்காலிலும் மூக்கிலும் வெளிர் நிறம், கடைசியில் மங்கலான வார்னிஷ். தோலுக்கும் கம்பளிக்கும் வாஷ் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். இருபது பேரையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாமல் ஐந்து ஐந்தாகப் பிரித்து அடியுங்கள், முதல் ஐந்தில் தலைவர் வேண்டாம், கை பழகிய பிறகு மூன்றாவது ஐந்தில் அவரை எடுங்கள்.

எதிரணிக்கு இப்போதைக்கு ஒரு பெட்டி குடியரசுக் கால ரோமானியர்கள் போதும், மொன்டெஃபோர்ட்டினோ தலைக்கவசமும் நீள்வட்டக் கேடயமும் உள்ளவர்களாகப் பார்த்து எடுங்கள். பாம்ப்பி கடலை 13 பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தளபதியை நிறுத்தி, மேற்குப் பாதியை 40 நாளில் துடைத்துவிட்டு, இன்றைய அலன்யாவான கொராகேசியத்தில் கடைசிச் சண்டை போட்டபோது கப்பலில் இறக்கியவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தான். பிடிபட்ட கொள்ளையர்களில் பலரை அவர் கொல்லாமல் சோலி நகரத்திலும் கிரேக்கத்தின் டைமே ஊரிலும் நிலம் கொடுத்துக் குடியேற்றினார் என்பதால், உங்களிடம் ஏரும் மாடும் உள்ள ஒரு குடியானவர் தொகுப்பு ஏற்கெனவே இருந்தால் அதையும் தனியே எடுத்து வையுங்கள், தொடர் ஆட்டமாக விளையாடும்போது கடைசிக் காட்சிக்குத் தேவைப்படும்.